தலைகீழ் அடைவு: தேடுபொறிகள் ஆவணங்களைக் கண்டெடுக்கும் முறை

தலைகீழ் அடைவு என்பது எந்தச் சொல் எந்தெந்த ஆவணங்களில் வருகிறது என்பதை முன்கூட்டியே தொகுத்து வைத்திருக்கும் தரவுக் கட்டமைப்பு ஆகும். இணையத் தேடுபொறிகள், நூலகத் தேடல் மென்பொருள்கள், மின்னஞ்சல் பெட்டியில் உள்ள தேடல் வசதி, செய்தித்தாள்களின் இணையக் களஞ்சியங்கள் ஆகிய அனைத்தும் இக்கட்டமைப்பையோ இதன் ஏதேனும் ஒரு வடிவத்தையோ பயன்படுத்துகின்றன. பயனர் ஒரு சொல்லைத் தட்டச்சு செய்தவுடன் தேடுபொறி இணையம் முழுவதையும் படித்துப் பார்ப்பதில்லை. தான் ஏற்கெனவே தொகுத்து வைத்துள்ள அடைவை மட்டுமே பார்க்கிறது. ஆகவே அடைவில் ஏறாத ஒரு பக்கம், இணையத்தில் இருந்தாலும், தேடுபவருக்கு இல்லாததாகவே ஆகிவிடுகிறது. அடைவு எவ்வாறு உருவாகிறது, எவ்வாறு பயன்படுகிறது, தமிழ் ஆவணங்களை அடைவுபடுத்துவதில் உள்ள சிக்கல்கள் எவை என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

அடைவின் தேவை

ஒரு தொகுப்பில் 10 லட்சம் ஆவணங்கள் உள்ளன என்றும், ஒவ்வொன்றும் சராசரியாக 5 கிலோபைட்டு அளவு கொண்டது என்றும் கொள்வோம். மொத்த அளவு 5 கிகாபைட்டு. நொடிக்கு 500 மெகாபைட்டு படிக்கக்கூடிய சேமிப்பகத்தில் இவை இருந்தால், முதல் ஆவணத்திலிருந்து கடைசி ஆவணம் வரை படித்து முடிக்க 10 நொடிகள் ஆகும். ஒருவருக்காக ஒருமுறை தேடுவதற்கு இது பொறுத்துக்கொள்ளக்கூடிய நேரம்தான். ஆனால் ஆவணங்களின் எண்ணிக்கை 100 கோடியாக உயர்ந்தால் மொத்த அளவு 5 டெராபைட்டு ஆகிவிடும். அதே வேகத்தில் படிக்க 10,000 நொடிகள், அதாவது ஏறத்தாழ 2 மணி 46 நிமிடங்கள் ஆகும். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் தேடும்போது இம்முறை முற்றிலும் பயனற்றது.

அச்சு நூலில் இதே சிக்கலுக்கு நெடுங்காலத்திற்கு முன்பே தீர்வு காணப்பட்டது. 600 பக்க நூலில் 'கல்லணை' பற்றிய செய்தி எங்கே உள்ளது என்று அறிய எவரும் 600 பக்கங்களையும் புரட்டுவதில்லை. நூலின் இறுதியில் உள்ள சொல்லடைவில் அகர வரிசைப்படி அச்சொல்லைக் கண்டு, அதற்கு எதிரே தரப்பட்டுள்ள பக்க எண்களுக்கு நேரே செல்கிறோம். தேடுபொறியின் அடைவும் இதே கருத்தின் விரிவாக்கமே. ஒருமுறை உழைத்து அடைவை உருவாக்கிவிட்டால், அதன்பின் ஒவ்வொரு தேடலும் எளிதாகிறது.

முன்னோக்கு அடைவும் தலைகீழ் அடைவும்

ஒவ்வோர் ஆவணத்திற்கும் எதிரே அதில் உள்ள சொற்களைப் பட்டியலிட்டால் அது முன்னோக்கு அடைவு. அதைத் திருப்பி, ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அது இடம்பெறும் ஆவணங்களைப் பட்டியலிட்டால் அது தலைகீழ் அடைவு. எடுத்துக்காட்டாக, பின்வரும் நான்கு சிறு ஆவணங்களைக் கொள்வோம்.

ஆவணம் 1: காவிரி ஆற்றில் வெள்ளம் வந்தது
ஆவணம் 2: வைகை ஆற்றில் நீர் குறைந்தது
ஆவணம் 3: காவிரி நீர் பாசனத்திற்குத் திறக்கப்பட்டது
ஆவணம் 4: வைகை வெள்ளம் பாசனக் குளங்களை நிறைத்தது

இவற்றின் பெயர்ச்சொற்களை அடிச்சொல் வடிவில் எடுத்துக்கொண்டால் தலைகீழ் அடைவு பின்வருமாறு அமையும்.

ஆறு: 1, 2
காவிரி: 1, 3
குளம்: 4
நீர்: 2, 3
பாசனம்: 3, 4
வெள்ளம்: 1, 4
வைகை: 2, 4

'காவிரி வெள்ளம்' என்று ஒருவர் தேடினால், 'காவிரி'க்கு உரிய பட்டியலையும் (1, 3) 'வெள்ளம்' என்பதற்கு உரிய பட்டியலையும் (1, 4) எடுத்து, இரண்டுக்கும் பொதுவான எண்ணைக் காண வேண்டும். விடை: ஆவணம் 1. நான்கு ஆவணங்களில் ஒன்றைக்கூடத் திறந்து படிக்காமலே விடை கிடைத்துவிடுகிறது.

அடைவின் இரு பகுதிகள்

தலைகீழ் அடைவு இரண்டு பகுதிகளைக் கொண்டது. முதலாவது, சொற்றொகுதி. இது தொகுப்பில் உள்ள வெவ்வேறு சொற்கள் அனைத்தின் பட்டியல். இரண்டாவது, ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய ஆவண எண்களின் பட்டியல். இதனைப் பதிவுப் பட்டியல் என்பர். சொற்றொகுதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே, அதன் பதிவுப் பட்டியல் சேமிப்பகத்தில் எங்கே தொடங்குகிறது என்பதும், அச்சொல் மொத்தம் எத்தனை ஆவணங்களில் வருகிறது என்பதும் குறிக்கப்பட்டிருக்கும்.

சொற்றொகுதி ஒப்பளவில் சிறியது. அதனால் பெரும்பாலும் கணினியின் முதன்மை நினைவகத்திலேயே வைக்கப்படுகிறது. அதில் ஒரு சொல்லை விரைந்து கண்டுபிடிக்க இரண்டு வழிகள் பரவலாக உள்ளன. முதலாவது, சொல்லை ஒரு சூத்திரத்தால் எண்ணாக மாற்றி, அந்த எண்ணுக்குரிய இடத்திற்கு நேரே செல்லும் ஹாஷ் அட்டவணை. இது மிக வேகமானது. ஆனால் 'கல்ல' என்று தொடங்கும் எல்லாச் சொற்களையும் கேட்டால் இதனால் உதவ முடியாது. ஏனெனில் அருகருகே இருக்க வேண்டிய சொற்கள் அட்டவணையில் சிதறிக் கிடக்கும். இரண்டாவது, சொற்களை வரிசைப்படுத்தி வைக்கும் மரவடிவக் கட்டமைப்பு. இதில் ஒரு சொல்லைக் காணச் சற்றுக் கூடுதல் படிகள் தேவை. ஆனால் ஒரே தொடக்கம் கொண்ட சொற்கள் அடுத்தடுத்து இருப்பதால், பாதிச் சொல்லைத் தட்டும்போதே மீதியைப் பரிந்துரைப்பது போன்ற வசதிகளுக்கு இதுவே ஏற்றது.

அடைவு உருவாகும் படிகள்

1. திரட்டுதல்: கிராலர் எனப்படும் நிரல், தெரிந்த பக்கங்களிலிருந்து தொடங்கி, அவற்றில் உள்ள இணைப்புகளைப் பின்தொடர்ந்து புதிய பக்கங்களைத் திரட்டுகிறது. எங்கிருந்தும் இணைப்புத் தரப்படாத பக்கம் கிராலரின் கண்ணில் படாமலே போகலாம். தம் பக்கங்களை அடைவில் சேர்க்க வேண்டாம் என்று தளத்தின் உரிமையாளர் அறிவிக்கவும் வழி உண்டு.

2. உரையைப் பிரித்தெடுத்தல்: பக்கத்தில் உள்ள வடிவமைப்புக் குறியீடுகள் நீக்கப்பட்டு, தலைப்பு, உரை, இணைப்புச் சொற்கள் ஆகியவை தனித்தனியே எடுக்கப்படுகின்றன.

3. சொற்களாகப் பகுத்தல்: உரை தனித்தனிச் சொற்களாக வெட்டப்படுகிறது. தமிழிலும் ஆங்கிலத்திலும் இடைவெளியும் நிறுத்தக்குறிகளும் இதற்கு உதவுகின்றன. சீனம், ஜப்பானியம், தாய் போன்ற மொழிகளில் சொற்களுக்கு இடையே இடைவெளி விடும் வழக்கம் இல்லாததால், எங்கே வெட்டுவது என்பதே தனி ஆய்வுச் சிக்கல்.

4. சீர்படுத்துதல்: ஒரே சொல்லின் வெவ்வேறு வடிவங்கள் ஒன்றாக்கப்படுகின்றன. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு நீக்கப்படுகிறது. விகுதிகளை வெட்டி அடிச்சொல்லைக் காணும் நிரல்களும் பயன்படுகின்றன. 1980-இல் மார்ட்டின் போர்ட்டர் வெளியிட்ட ஆங்கில அடிச்சொல் நிரல் இவற்றுள் மிகப் புகழ்பெற்றது.

5. வரிசைப்படுத்துதல்: ஒவ்வொரு சொல்லும் 'சொல், ஆவண எண்' என்ற இணையாக எழுதப்படுகிறது. இந்த இணைகளை முதலில் சொல்லின்படியும், பின்னர் ஆவண எண்ணின்படியும் வரிசைப்படுத்தினால் தலைகீழ் அடைவு தானாகவே உருவாகிவிடும். இணைகள் அனைத்தும் ஒரே நேரத்தில் நினைவகத்தில் அடங்காத நிலையில், அவை சிறு தொகுதிகளாகப் பிரிக்கப்படுகின்றன. ஒவ்வொரு தொகுதியும் தனியே வரிசைப்படுத்தப்பட்டு, இறுதியில் அனைத்தும் ஒன்றாக இணைக்கப்படுகின்றன.

வினவலுக்கு விடை காணுதல்

பதிவுப் பட்டியல்களில் ஆவண எண்கள் எப்போதும் ஏறுவரிசையில் வைக்கப்படுகின்றன. இரண்டு பட்டியல்களின் பொது எண்களை ஒரே ஓட்டத்தில் காண இது வழிசெய்கிறது. பின்வரும் இரு பட்டியல்களைக் கொள்வோம்.

முதல் பட்டியல்: 3, 8, 21, 40, 57, 90
இரண்டாம் பட்டியல்: 8, 15, 40, 88, 90

இரு பட்டியல்களின் தொடக்கத்திலும் ஒவ்வொரு விரலை வைத்துக்கொள்வதாக எண்ணிக்கொள்ளுங்கள். எந்த விரலின் கீழ் உள்ள எண் சிறியதோ அந்த விரலை ஓர் இடம் நகர்த்த வேண்டும். இரண்டும் சமமானால் அந்த எண்ணை விடையில் சேர்த்துவிட்டு இரண்டு விரல்களையும் நகர்த்த வேண்டும். ஏதேனும் ஒரு பட்டியல் முடிந்ததும் வேலை முடிந்தது. விடை: 8, 40, 90. எந்த விரலும் பின்னோக்கி நகர்வதில்லை. எனவே மொத்தப் படிகள் இரு பட்டியல்களின் நீளங்களின் கூட்டுத்தொகையைத் தாண்டுவதில்லை. பட்டியல்கள் வரிசையில் இல்லாவிட்டால், ஒன்றில் உள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் மற்றொன்று முழுவதையும் பார்க்க நேரிடலாம்.

ஒரு பட்டியல் மிகக் குறுகியதாகவும் மற்றொன்று மிக நீண்டதாகவும் இருந்தால் இன்னும் விரைவாகச் செயல்படலாம். குறுகிய பட்டியலில் 5 எண்களும் நீண்ட பட்டியலில் 10 லட்சம் எண்களும் உள்ளன என்று கொள்வோம். நீண்ட பட்டியலைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடினால், ஓர் எண் அதில் உண்டா இல்லையா என்பதை ஏறத்தாழ 20 படிகளில் அறியலாம். ஐந்து எண்களுக்கும் சேர்த்து 100 படிகள் போதும். இதே நோக்கத்திற்காகப் பதிவுப் பட்டியல்களின் இடையிடையே தாவல் குறிகள் பதிக்கப்படுவதும் உண்டு. '5,000-க்குக் குறைவான எண்கள் அனைத்தும் இந்த இடத்திற்கு முன்பே முடிந்துவிடுகின்றன' என்று ஒரு குறி சொல்லுமானால், தேவையற்ற பகுதியைப் படிக்காமலே தாண்டிவிடலாம்.

மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சொற்களைத் தேடும்போது மிகக் குறுகிய பட்டியல்களை முதலில் இணைப்பது வழக்கம். இடைவிடை எந்நிலையிலும் மிகக் குறுகிய பட்டியலைவிடப் பெரிதாக இருக்க முடியாது. எனவே அடுத்தடுத்த வேலை சுருங்கிக்கொண்டே செல்லும். ஒவ்வொரு சொல்லும் எத்தனை ஆவணங்களில் வருகிறது என்ற எண்ணிக்கையைச் சொற்றொகுதியிலேயே குறித்து வைப்பதன் பயன் இங்கே விளங்குகிறது.

சொற்றொடரைத் தேடுதல்

'பெரிய கோயில்' என்ற தொடரைத் தேடுபவர், 'பெரிய' ஒரு பத்தியிலும் 'கோயில்' வேறொரு பத்தியிலும் வரும் ஆவணத்தை விரும்புவதில்லை. இதற்காகப் பதிவுப் பட்டியலில் ஆவண எண்ணுடன், ஆவணத்திற்குள் அச்சொல் எத்தனையாவது சொல்லாக வருகிறது என்பதும் குறிக்கப்படுகிறது. ஆவணம் 7-இல் 'பெரிய' 12, 30 ஆகிய இடங்களிலும் 'கோயில்' 13, 45 ஆகிய இடங்களிலும் வருவதாகக் கொண்டால், 12-க்கு அடுத்தது 13 என்பதால் அத்தொடர் அங்கே உள்ளது என்று அறியலாம். இத்தகைய அடைவு இட அடைவு எனப்படும். ஆவண எண்களை மட்டும் கொண்ட அடைவைவிட இது பல மடங்கு பெரியது. எனினும் தொடர்த் தேடலுக்கும், சொற்கள் எவ்வளவு நெருக்கமாக உள்ளன என்பதைக் கணக்கிடுவதற்கும் இது இன்றியமையாதது.

அடைவைச் சுருக்குதல்

சேமிப்பகத்திலிருந்து தரவைப் படித்தெடுக்க ஆகும் நேரத்தைவிட, சுருக்கப்பட்ட தரவை விரித்தெடுக்க ஆகும் நேரம் பெரும்பாலும் குறைவு. ஆகவே அடைவைச் சுருக்குவது இடத்தை மிச்சப்படுத்துவதோடு வேகத்தையும் கூட்டுகிறது.

இதற்கு அடிப்படையான உத்தி, எண்களை அப்படியே எழுதாமல் அடுத்தடுத்த எண்களுக்கு இடையிலான வேறுபாட்டை எழுதுவதாகும். 1000000, 1000005, 1000012, 1000013 என்ற பட்டியலை 1000000, 5, 7, 1 என்று எழுதலாம். ஏறுவரிசையில் இருப்பதால் வேறுபாடுகள் எப்போதும் நேர்ம எண்களாகவே இருக்கும். கூட்டிக்கொண்டே சென்றால் பழைய எண்கள் மீண்டும் கிடைக்கும். பலமுறை வரும் சொற்களின் பட்டியல்களே மிக நீளமானவை. ஆனால் அவற்றில்தான் வேறுபாடுகள் மிகச் சிறியவை.

சிறிய எண்ணுக்குச் சிறிய இடம் போதும். மாறுநீள பைட்டு முறையில் ஒவ்வொரு பைட்டிலும் 7 பிட்டுகள் எண்ணுக்கும், மீதி ஒரு பிட்டு 'எண் இத்துடன் முடிகிறதா' என்பதைக் குறிப்பதற்கும் ஒதுக்கப்படுகின்றன. 128-க்குக் குறைவான எண் ஒரே பைட்டில் அடங்கிவிடும். மேற்கண்ட நான்கு எண்களையும் தலா 4 பைட்டாக எழுதினால் 16 பைட்டு தேவை. வேறுபாட்டு முறையில் முதல் எண்ணுக்கு 3 பைட்டும், மற்ற மூன்றுக்கும் தலா ஒரு பைட்டுமாக 6 பைட்டே போதும்.

தரவரிசைப்படுத்துதல்

பொருந்தும் ஆவணங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது அவற்றுள் எது முதலில் வர வேண்டும் என்பது அடுத்த கேள்வி. இதற்குத் தேவையான எண்களும் அடைவிலேயே சேமிக்கப்படுகின்றன.

ஒரு சொல் ஓர் ஆவணத்தில் எத்தனை முறை வருகிறது என்பது முதல் அளவு. அச்சொல் தொகுப்பு முழுவதிலும் எவ்வளவு அரிதானது என்பது இரண்டாவது அளவு. அரிய சொல்லுக்குக் கூடுதல் மதிப்புத் தர வேண்டும் என்ற கருத்தை 1972-இல் பிரித்தானிய அறிவியலாளர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் முன்வைத்தார். 10 லட்சம் ஆவணங்களில் 'நீர்' 1 லட்சம் ஆவணங்களிலும் 'கல்லணை' 1,000 ஆவணங்களிலும் வருவதாகக் கொள்வோம். மொத்தத்தை அந்தந்த எண்ணிக்கையால் வகுத்து, 10-ஐ அடிமானமாகக் கொண்டு மடக்கை எடுத்தால் 'நீர்' 1 என்ற மதிப்பையும் 'கல்லணை' 3 என்ற மதிப்பையும் பெறும். ஆகவே 'கல்லணை நீர்' என்ற தேடலில் கல்லணையைப் பற்றிய ஆவணங்களே முன்னே வரும்.

இவ்விரு அளவுகளையும் செம்மைப்படுத்திய பி.எம்.25 என்ற சூத்திரம் 1990-களில் லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தின் ஒகாபி அமைப்பில் ஸ்டீபன் ராபர்ட்சன் குழுவினரால் உருவாக்கப்பட்டது. ஒரு சொல் பத்து முறை வந்தாலும் நூறு முறை வந்தாலும் பயன் அதே விகிதத்தில் பெருகுவதில்லை என்பதையும், நீண்ட ஆவணத்தில் எந்தச் சொல்லும் இயல்பாகவே பலமுறை வரும் என்பதையும் இது கணக்கில் கொள்கிறது. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதி முன்னிடம் பெற முயலும் பக்கங்களின் பயனை இது ஓரளவு மட்டுப்படுத்துகிறது.

இவை தவிர, வினவலைச் சாராத மதிப்பும் ஒவ்வொரு பக்கத்திற்கும் முன்கூட்டியே கணக்கிடப்படலாம். மற்றப் பக்கங்கள் தரும் இணைப்புகளைக் கொண்டு ஒரு பக்கத்தின் முதன்மையை மதிப்பிடும் கூகுளின் பேஜ்ரேங்க் இதற்கு எடுத்துக்காட்டு.

புதுப்பித்தல்

நன்கு சுருக்கி வரிசைப்படுத்தப்பட்ட அடைவின் நடுவே ஒரு புதிய எண்ணை நுழைப்பது கடினம். ஒரு புதிய ஆவணத்தில் 500 வெவ்வேறு சொற்கள் இருந்தால் 500 பட்டியல்களை மாற்ற வேண்டும். இதைத் தவிர்க்க, புதிய ஆவணங்கள் முதலில் ஒரு சிறிய தனி அடைவில் சேர்க்கப்படுகின்றன. தேடும்போது பெரிய அடைவும் சிறிய அடைவும் சேர்ந்தே பார்க்கப்படுகின்றன. சிறிய அடைவுகள் பெருகியதும் அவை ஒன்றாக இணைக்கப்படுகின்றன. நீக்கப்பட்ட ஆவணங்கள் உடனே அழிக்கப்படாமல் 'நீக்கப்பட்டவை' என்ற பட்டியலில் குறிக்கப்பட்டு, விடைகளிலிருந்து விலக்கப்பட்டு, அடுத்த இணைப்பின்போது உண்மையிலேயே அகற்றப்படுகின்றன. டக் கட்டிங் 1999-இல் வெளியிட்ட லூசீன் என்ற கட்டற்ற நிரல்தொகுப்பு இம்முறையில் இயங்குகிறது. சோலர், எலாஸ்டிக்சர்ச் ஆகிய மென்பொருள்கள் லூசீனை அடிப்படையாகக் கொண்டவை.

ஒரு பக்கத்தில் திருத்தம் செய்த பின்னும் தேடல் விடையில் சிலகாலம் பழைய உரையே தெரிவது இதனால்தான். தேடுபொறி காட்டுவது பக்கத்தின் இன்றைய நிலையை அன்று. கிராலர் கடைசியாக வந்து சென்ற நாளின் நிலையையே.

பல கணினிகளில் பகிர்தல்

பெரிய அடைவு ஒரே கணினியில் அடங்காது. தன் தேடல் அடைவின் அளவு 10 கோடி கிகாபைட்டைத் தாண்டியது என்று கூகுள் நிறுவனம் தெரிவிக்கிறது. இத்தகைய அடைவைப் பகிர இரண்டு வழிகள் உள்ளன.

சொல்வழிப் பகிர்வில் ஒவ்வொரு கணினியும் சில சொற்களின் பட்டியல்களை முழுமையாக வைத்திருக்கும். இதில் இரு சொற்களைத் தேடும்போது ஒரு நீண்ட பட்டியலைப் பிணையத்தின் வழியாக மற்றொரு கணினிக்கு அனுப்ப நேரிடும். மேலும் பலரும் தேடும் சொல்லை வைத்திருக்கும் கணினியின்மீது சுமை கூடும்.

ஆவணவழிப் பகிர்வில் ஒவ்வொரு கணினியும் சில ஆவணங்களுக்கு மட்டும் முழுமையான தனி அடைவை வைத்திருக்கும். வினவல் எல்லாக் கணினிகளுக்கும் அனுப்பப்படுகிறது. ஒவ்வொன்றும் தன்னிடமுள்ள சிறந்த சில விடைகளை மட்டும் திருப்பி அனுப்ப, அவை ஒன்றுசேர்க்கப்பட்டுப் பயனருக்குத் தரப்படுகின்றன. ஒரு கணினி பழுதானாலும் மற்றவை விடை தரும் என்பதால் பெரிய தேடல் அமைப்புகளில் இம்முறையே பெரிதும் பின்பற்றப்படுகிறது. ஒவ்வொரு பகுதிக்கும் பல நகல்கள் வைக்கப்படுவதும் வழக்கம்.

வரலாறு

சொல்லடைவு கணினிக்கு மிகவும் முற்பட்டது. 13-ஆம் நூற்றாண்டில் பாரிசில் செயின்ட்-ஷேரின் ஹியூ என்ற தொமினிக்கத் துறவியின் வழிகாட்டுதலில் இலத்தீன் விவிலியத்திற்குச் சொல்லடைவு தொகுக்கப்பட்டது. தமிழில், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பழந்தமிழ் இலக்கியங்களுக்கான சொல்லடைவை 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. ஒரு சங்கச் சொல் எந்தெந்தப் பாடல்களில் வருகிறது என்பதைக் காட்டும் அந்நூலும் அமைப்பளவில் ஒரு தலைகீழ் அடைவே.

கணினி வழித் தேடலின் அடித்தளங்கள் 1950-களிலும் 1960-களிலும் இடப்பட்டன. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் சொற்களின் வருகை எண்ணிக்கையைக் கொண்டு உரையின் உள்ளடக்கத்தை மதிப்பிடும் முறையை முன்வைத்தார். ஜெரார்டு சால்டன் 1960-களில் ஸ்மார்ட் என்ற தேடல் அமைப்பை வளர்த்தெடுத்தார்.

1990-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆலன் எம்டாஜ் உருவாக்கிய ஆர்ச்சி, இணையத்தில் உள்ள கோப்புகளின் பெயர்களை மட்டும் அடைவுபடுத்தியது. 1994-இல் பிரையன் பிங்கர்ட்டன் உருவாக்கிய வெப்கிராலர் பக்கங்களின் முழு உரையையும் அடைவுபடுத்தியது. 1995 டிசம்பரில் ஆல்டாவிஸ்டா வந்தது. 1998-இல் செர்கே பிரின், லாரி பேஜ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை கூகுளின் தொடக்கக்கால அடைவை விளக்குகிறது. அப்போது அதில் 2.4 கோடி பக்கங்கள் இருந்தன, சொற்றொகுதியில் 1.4 கோடி சொற்கள் இருந்தன. ஒரு சொல்லின் ஒவ்வொரு வருகையும், அதன் இடமும் எழுத்தின் அளவும் உட்பட, வெறும் 2 பைட்டில் குறிக்கப்பட்டது.

தமிழ் ஆவணங்களை அடைவுபடுத்துதல்

தமிழ் உரையை அடைவுபடுத்துவதில் மூன்று தனிச் சிக்கல்கள் உள்ளன.

முதலாவது, சொல்லின் வடிவங்கள். மேலே கண்ட நான்கு ஆவணங்களில் இரண்டு பாசனத்தைப் பற்றியவை. ஆனால் அவற்றில் 'பாசனம்' என்ற வடிவம் ஓரிடத்தில்கூட இல்லை. ஒன்றில் 'பாசனத்திற்குத்' என்றும் மற்றொன்றில் 'பாசனக்' என்றும் உள்ளது. அடிச்சொல் காணாமல் சொற்களை அப்படியே அடைவில் ஏற்றினால், 'பாசனம்' என்று தேடுபவருக்கு ஒரு விடையும் கிடைக்காது. வேற்றுமை உருபுகளும் பன்மை விகுதியும் சாரியைகளும் போதாதென்று, வல்லினம் மிகுவதாலும் ஒரே சொல் பல வடிவம் கொள்கிறது. விகுதிகளை வெட்டும் நிரல்கள் தமிழுக்கும் உண்டு. ஸ்னோபால் என்ற கட்டற்ற நிரல்தொகுப்பில் தமிழும் இடம்பெற்றுள்ளது. ஆனால் அளவுக்கு மீறி வெட்டினால் 'ஆற்றில்', 'ஆற்றல்' போன்ற தொடர்பற்ற சொற்கள் ஒன்றாகிவிடும். குறைவாக வெட்டினால் தொடர்புள்ளவை பிரிந்தே நிற்கும். மாற்று வழியாகச் சொல்லை மும்மூன்று எழுத்துகளாகத் துண்டாக்கி அடைவுபடுத்தலாம். 'மரங்கள்', 'மரங்களில்' ஆகிய இரண்டிலும் 'மரங்', 'ரங்க' ஆகிய துண்டுகள் பொதுவாக இருப்பதால் அவற்றின் உறவு புலப்படும். ஆனால் அடைவின் அளவு பெருகிவிடும்.

இரண்டாவது, எழுத்தின் குறியீடு. ஒருங்குறியில் 'கொ' என்ற எழுத்தை இரண்டு வகையாக எழுதலாம். 'க' (2965) என்பதைத் தொடர்ந்து ஒகரக் குறி (3018) இட்டு இரண்டு குறிகளாக எழுதலாம். அல்லது 'க'வைத் தொடர்ந்து எகரக் குறியும் (3014) ஆகாரக் குறியும் (3006) இட்டு மூன்று குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கணினிக்கு இவை வெவ்வேறு. ஒருங்குறித் தரம் வகுத்துள்ள இயல்பாக்க விதிகளின்படி இரண்டையும் ஒன்றாக்கிய பின்னரே அடைவில் ஏற்ற வேண்டும். வினவலுக்கும் அதே விதியைப் பின்பற்ற வேண்டும். ஆனால் 'ஔ' என்பதற்குப் பதிலாக 'ஒ'வையும் 'ள'வையும் அடுத்தடுத்துத் தட்டும் வழக்கத்தை இவ்விதிகள் திருத்துவதில்லை. ஔவையாரைத் தேடுபவருக்கு அவ்வாறு தட்டப்பட்ட பக்கங்கள் விடுபட்டுப்போக வாய்ப்புண்டு.

மூன்றாவது, உரையே இல்லாத ஆவணங்கள். ஒருங்குறி பரவுவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டப்பட்ட கோப்புகளில், திரையில் தமிழ் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளின் குறியீடுகளே. அவற்றை மாற்றாமல் அடைவுபடுத்தினால் பொருளற்ற எழுத்துக்கோவைகளே சொற்றொகுதியில் சேரும். நூல்களை ஒளிப்படமாக மட்டும் வருடிப் பதிவேற்றினால், எழுத்துணரி மென்பொருள் கொண்டு உரையாக்கும் வரை அதன் ஒரு சொல்லும் அடைவில் ஏறாது.

எல்லைகளும் புதிய வழிகளும்

தலைகீழ் அடைவு சொற்களைப் பொருத்துகிறது, பொருளை அறிவதில்லை. 'மருத்துவமனை' என்று தேடுபவருக்கு 'ஆஸ்பத்திரி' என்று மட்டும் எழுதியுள்ள பக்கத்தை அது காட்டாது. இக்குறையைப் போக்க ஒருபொருட்சொற்களை வினவலுடன் சேர்த்தல் நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. அண்மைக் காலத்தில், உரையின் பொருளை நீண்ட எண் வரிசையாக மாற்றி, நெருங்கிய எண் வரிசைகளைத் தேடும் பொருள்வழித் தேடல் வளர்ந்துள்ளது. ஆனால் ஒரு பெயரையோ எண்ணையோ உள்ளது உள்ளபடி தேடுவதற்குத் தலைகீழ் அடைவே நம்பகமானது. எனவே இரண்டையும் இணைத்துப் பயன்படுத்தும் அமைப்புகள் பெருகிவருகின்றன. அவற்றில் பலவற்றில், பல கோடி ஆவணங்களிலிருந்து சில நூறு ஆவணங்களைப் பொறுக்கியெடுக்கும் முதற்கட்ட வேலையில் தலைகீழ் அடைவும் பங்கேற்கிறது. பொருளறிந்து வரிசைப்படுத்தும் வேலை அதன் பிறகே தொடங்குகிறது.

தமிழில் இணையத்தில் எழுதுபவர்களுக்கும் பழைய நூல்களைப் பதிவேற்றுபவர்களுக்கும் இதில் பயன்படும் செய்தி உண்டு. உரையை ஒருங்குறியில் தருதல், ஒளிப்படக் கோப்புகளுடன் அவற்றின் உரையையும் சேர்த்தல், ஒரு சொல்லின் அடிப்படை வடிவத்தைத் தலைப்பிலோ முதல் பத்தியிலோ ஒருமுறையேனும் எழுதுதல், தொடர்புடைய பக்கங்களிலிருந்து இணைப்புத் தருதல் ஆகிய நான்கும் ஒரு பக்கம் அடைவில் ஏறுவதற்கும் தேடுபவரைச் சென்றடைவதற்கும் துணைசெய்கின்றன.